60-இல் பூட்டு, 4 நாளில் குருகிராம்: கம்பெனிகள் போடும் வேக விதியும் நேரப் பதிவும்

#1 பன்னிரண்டு சக்கரம் (பரமத்தி வேலூர்), 4 ஆகஸ்ட் 2024

எல்லாருக்கும் வணக்கம்ங்க. 19 வருஷமாக வெளிமாநில லைன் ஓட்டுகிறேன். இப்போது இருப்பது நாற்பது வண்டிக்கு மேல் வைத்திருக்கும் ஒரு கம்பெனி. ஓசூரில் ஏற்றி குருகிராமில் இறக்குவதுதான் பெரும்பாலும் என் ஓட்டம். சுமார் 2,200 கிலோமீட்டர், ஏறக்குறைய எல்லாமே என்எச் 44.

போன மாதம் புது விதி போட்டார்கள். வேகம் 60-ஐத் தாண்டக் கூடாது. தாண்டினால் கேபினில் பஸ்ஸர் அடிக்கும், ஆபீஸ் திரையில் வண்டி சிவப்பாகும், ஒரு தடவைக்கு 300 ரூபாய் படியில் பிடித்தம். அதற்கு முன்பிருந்தே போனில் ஒரு ஆப்பும் உண்டு. வண்டியை எடுக்கும்போது 'ஓட்டம்' என்று அழுத்த வேண்டும், நிறுத்தினால் 'ஓய்வு' என்று அழுத்த வேண்டும். நாளைக்கு 10 மணி நேரத்துக்கு மேல் ஓட்டம் காட்டினால் விளக்கம் கேட்பார்கள்.

இது வரைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை. 60-இல் போவது எனக்கும் நல்லது, எதிரே வருகிறவனுக்கும் நல்லது. பிரச்சினை என்னவென்றால், பயண நாளை மட்டும் அவர்கள் தொடவே இல்லை. பழையபடி 4 நாள். ஒரு நாள் பிந்தினால் 2,000 ரூபாய் பிடித்தம். வண்டியில் நான் ஒருவன்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 60-இல் பூட்டிய வண்டி, டோல்கேட், ஊருக்குள் நெரிசல், மேடு எல்லாம் சேர்த்தால் சராசரியாக 45-க்கு மேல் வராது. 2,200 கிலோமீட்டருக்கு 49 மணி நேரம் ஸ்டேரிங்கில் உட்கார வேண்டும். நாளைக்கு 10 மணி நேரம் என்றால் 5 நாள். 4 நாளில் முடிக்க நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல் ஓட்டியாக வேண்டும். டயர் பார்ப்பது, தார்ப்பாய் கட்டுவது, டீசல் போடுவது இதில் சேராது.

அப்புறம் என்ன ஆகிறது? வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆப்பில் 'ஓய்வு' என்று அழுத்திவிடுகிறோம். நானும் அழுத்தினேன், மறைக்கவில்லை. ஜிபிஎஸ் வண்டி ஓடியதைக் காட்டுகிறது, ஆப் டிரைவர் தூங்கியதைக் காட்டுகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஆபீசில் யாரும் பார்ப்பதில்லை. நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். அன்றைக்குப் பொய் சொன்னவன் நானாகத்தான் இருப்பேன்.

மற்ற கம்பெனிகளில் எப்படி? தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

#2 ஆறு வண்டி (திருச்செங்கோடு), 4 ஆகஸ்ட் 2024

நான் ஓனர் பக்கம். ஆறு லாரி வைத்திருக்கிறேன். நானும் முதல் 14 வருஷம் ஸ்டேரிங் பிடித்தவன்தான்.

60 விதி எங்கிருந்து வருகிறது என்று சொல்கிறேன். என் வண்டி 55, 60-இல் போனால் லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தருகிறது. 75-இல் விரட்டினால் மூன்றரைக்கு இறங்கிவிடுகிறது. உங்கள் 2,200 கிலோமீட்டருக்கே பாருங்கள்: 550 லிட்டர் எங்கே, 629 லிட்டர் எங்கே. 79 லிட்டர், 92 ரூபாய் கணக்கில் 7,200 ரூபாய்க்கு மேல். ஒரு டிரிப்பில் எனக்கு மிஞ்சுவதே சில சமயம் அவ்வளவுதான். வெயில் காலத்தில் நாக்பூர் பக்கம் வேகமாகப் போனால் டயர் சூடேறி வெடிக்கும் செலவு தனி.

ஆனால் 4 நாளை நான் முடிவு செய்வதில்லைங்க. பார்ட்டி, அதாவது சரக்குக் கொடுக்கும் வாடிக்கையாளர், முடிவு செய்கிறது. ஒப்பந்தத்திலேயே எழுதி வரும். பிந்தினால் என் வாடகையில் பிடிப்பார்கள். நான் ஆறு நாள் கேட்டால் பக்கத்து ஆபீஸ்காரன் மூன்றரை நாளில் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு போய்விடுவான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டிரைவர்கள் பக்கமும் தப்பு நடக்கிறது. ஜிபிஎஸ் வயரைப் பிடுங்கிவிட்டு 90-இல் போய், மீந்த நேரத்தில் வழியில் ஒரு நாள் காணாமல் போன ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் பஸ்ஸரும் பிடித்தமும் வந்தன.

#3 டேங்கர் தம்பி (சங்ககிரி), 5 ஆகஸ்ட் 2024

நான் கேஸ் டேங்கர் ஓட்டுகிறேன். எங்களுக்கு 60 என்பது கம்பெனி விதி இல்லை, சட்டமே அதுதான். 2015-இல் வந்த அறிவிப்பின்படி, அந்த வருஷம் அக்டோபர் 1-க்குப் பிறகு தயாரான சரக்கு வண்டிக்கெல்லாம் 80-இல் கவர்னர், அதாவது வேகத்தைப் பூட்டும் கருவி, வைக்க வேண்டும். டேங்கர், டிப்பர், ஆபத்தான சரக்கு வண்டி, பள்ளிப் பேருந்து இவற்றுக்கு 60. ஆகவே பன்னிரண்டு சக்கரம் அண்ணா ஓட்டும் வண்டிக்கு சட்டம் கொடுப்பது 80. அதில் 20-ஐக் குறைத்தது கம்பெனி.

குறைத்தது தப்பென்று நான் சொல்ல மாட்டேன். தொப்பூர் இறக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தர்மபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். முழு லோடோடு நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் பாதி இறக்கத்திலேயே டிரம் புகைய ஆரம்பித்துவிடும். எனக்குக் கற்றுக்கொடுத்த குரு, ஏறுகிற கியரில்தான் இறங்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி ஓட்டவைத்தார். 80-இல் வரும் வண்டியை நிறுத்துவதற்கு 60-இல் வரும் வண்டியைப் போல ஏறக்குறைய 1.8 மடங்கு சக்தியை பிரேக் தாங்க வேண்டும். வேகம் மூன்றில் ஒரு பங்குதான் கூடியது, சுமை அவ்வளவு கூடிவிடுகிறது.

எங்களுக்கு நிற்கும் இடமும் குறித்துக்கொடுத்திருக்கிறார்கள். வேறு இடத்தில் நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். முதலில் கோபமாக இருந்தது. இப்போது பழகிவிட்டது, தூங்க ஒரு இடம் நிச்சயமாக இருக்கிறது என்கிற நிம்மதியும் இருக்கிறது.

#4 டாப் கியர் (ராசிபுரம்), 5 ஆகஸ்ட் 2024

நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்ண்ணா. வயது 27, ஏழு வருஷமாக ஓட்டுகிறேன், இதுவரை ஒரு கீறல் கிடையாது. நாலு வழிச் சாலையில் எல்லாரும் 80, 90-இல் வரும்போது நாம் மட்டும் 60-இல் ஊர்ந்தால் பின்னால் வருகிறவன் வந்து முட்டுவான். ஒரு டிராக்டரைத் தாண்ட வேண்டுமென்றால்கூட பஸ்ஸர் அடிக்கிறது. தாண்டுகிற நேரத்தில் வேகம் கொடுக்க முடியாவிட்டால் வலது பக்கத்திலேயே ஒரு கிலோமீட்டர் தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். அது பாதுகாப்பா?

80-இல் விட்டால் சீக்கிரம் போய்ச் சேர்ந்து நிம்மதியாகத் தூங்கலாம். டிரிப்புக்குத்தான் காசு. மாதத்துக்கு ஒரு டிரிப் கூடினால் வீட்டுக்கு எவ்வளவு உதவி என்று உங்களுக்கே தெரியும்.

#5 பன்னிரண்டு சக்கரம், 5 ஆகஸ்ட் 2024

தம்பி, தாண்டும்போது வேகம் வேண்டும் என்று நீங்கள் சொல்வது நியாயம். பஸ்ஸரை ஒரு நிமிஷம் பொறுத்து அடிக்க வைக்கலாம், அதைக் கம்பெனியில் நானும் கேட்கப் போகிறேன்.

ஆனால் சீக்கிரம் போய்ச் சேர்ந்து தூங்கலாம் என்பதை நானும் உங்கள் வயதில் நம்பினேன். பிறகு ஒரு டிரிப்பில் நோட்டுப் போட்டு எழுதிப் பார்த்தேன். காலி ரோட்டில் 100 கிலோமீட்டரை 65-இல் கடக்க 92 நிமிஷம், 80-இல் கடக்க 75 நிமிஷம். 17 நிமிஷம் மிச்சம். காலி ரோடு என்பது நம் பாதையில் பாதி இருந்தால் அதிகம். முழு டிரிப்புக்கும் சேர்த்தால் மூன்று மணி நேரம் மிஞ்சும்.

அதே டிரிப்பில் ஓசூரில் லோடுக்காக நின்றது 11 மணி நேரம். குருகிராம் கேட்டில் நின்றது 16 மணி நேரம். ரோட்டில் உயிரைக் கொடுத்து மிச்சம் பிடித்த மூன்று மணி நேரத்தை கேட்டில் ஒரு செக்யூரிட்டி, 'உள்ளே இடமில்லை, ஓரமாகப் போடு' என்று ஒரே வார்த்தையில் வாங்கிக்கொண்டார். மே மாதம், பகல். கேபினுக்குள் படுக்க முடியாது. வரிசை இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை நகரும், நகரும்போது வண்டியில் ஆள் இல்லையென்றால் பின்னால் இருப்பவன் முன்னே போய்விடுவான். அந்த 16 மணி நேரத்தில் ஒரு மணி நேரம்கூடச் சேர்ந்தாற்போல் கண்ணை மூடவில்லை.

ஆப்பில் அது என்னவாகப் பதிவானது தெரியுமா? 16 மணி நேரம் 'ஓய்வு'. இறக்கி முடித்ததும் ஆபீசிலிருந்து போன்: 'நல்லா ரெஸ்ட் எடுத்துட்டீங்க, உடனே ரிட்டர்ன் லோடுக்குக் கிளம்புங்க.'

இந்த இழையை நான் தொடங்கியதே இதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. என் வேகத்தை நொடிக்கு நொடி எழுதி வைக்கும் கம்பெனி, என்னைக் காக்கவைத்த நேரத்தையும் எழுத வேண்டும். அதை எழுதாத பதிவேட்டில் ஓட்டமும் பொய், ஓய்வும் பொய்.

#6 வடக்கு நெடுஞ்சாலை (ஸ்கார்பரோ, கனடா), 6 ஆகஸ்ட் 2024

வணக்கம் அண்ணைமார். நான் யாழ்ப்பாணம், இப்ப 11 வருடமாக ரொறன்ரோவில் இருந்து பெரிய ட்ரக் ஓட்டுகிறேன். வின்னிபெக், மொன்றியல், சில வேளை அமெரிக்காவுக்கும். உங்கள் எழுத்தைப் படித்தபோது, எங்கள் பழைய கடதாசிப் பதிவுப் புத்தகக் காலம்தான் ஞாபகம் வந்தது. அப்ப இங்கேயும் சிலர் இரண்டு புத்தகம் வைத்திருந்தார்கள். ஒன்று பொலிசுக்கு, மற்றது சம்பளத்துக்கு.

இங்கே இப்ப உள்ள நடைமுறையைச் சொல்கிறேன். ஒன்ராறியோவிலும் கியூபெக்கிலும் 2009 ஜனவரி 1 முதல் பெரிய லொறிகளை 105 கிலோமீட்டரில் பூட்ட வேண்டும். அது சட்டம். என்னுடைய கொம்பனி எரிபொருளுக்காக அதை 100-க்கு இறக்கியிருக்கிறது, உங்களுடையது 80-ஐ 60 ஆக்கியது போல. நேரம் என்றால், கனடாவில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் ஓட்டலாம், வேலை நேரம் எல்லாம் சேர்த்து 14, ஓய்வு 10. அமெரிக்காவுக்குள் போனால் ஓட்டம் 11 மணித்தியாலம்தான், அதையும் வேலை தொடங்கி 14 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும்.

மின்னணுப் பதிவேடு என்ஜினோடு இணைந்தது. வண்டி மணிக்கு 8 கிலோமீட்டரைத் தாண்டினால் அதுவாகவே 'ஓட்டம்' என்று மாறிவிடும். அப்படிப் பதிவான ஓட்ட நேரத்தை நானும் குறைக்க முடியாது, கொம்பனியும் குறைக்க முடியாது. வேறு ஏதாவது திருத்த வேண்டுமென்றால் கொம்பனி கேட்கலாம், நான் சம்மதித்தால்தான் மாறும். பன்னிரண்டு சக்கரம் அண்ணை கேட்ட விஷயத்துக்கு வருகிறேன்: கேட்டில் வரிசையில் நின்று வண்டியை நகர்த்திக்கொண்டிருப்பது இங்கே ஓய்வு அல்ல, வேலை. அது என் 14 மணித்தியாலத்தைத் தின்னும். அதனால் கொம்பனிக்கே அவசரம் பிடிக்கிறது. என்னைக் காக்கவைத்தால் அவர்களுடைய வண்டி அன்றைக்கு ஓடாது. வாடிக்கையாளரிடம் காத்திருப்புக் கூலி கேட்பது அவர்கள்தான்.

இதில் ஒரு குறையும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் 2017 டிசம்பரில் மின்னணுப் பதிவேடு கட்டாயமானது. முன்பும் பின்பும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வாளர்கள், சிறிய கொம்பனிகளின் சாரதிகளிடம் நேர விதி மீறல் குறைந்ததையும் அதிவேகக் குற்றம் கூடியதையும் கண்டார்கள். விபத்து குறைந்ததாக அவர்களுக்குத் தெரியவில்லை. காரணம் எங்களுக்குத் தெரியும். காசு மைலுக்கு. நேரத்தைப் பூட்டினார்கள், காசு கொடுக்கும் முறையைத் தொடவில்லை. மணிக்கூடு ஓடுகிறதே என்று ஆட்கள் மிதித்தார்கள்.

உங்கள் ஊரில் வேகத்தைப் பூட்டினார்கள், நாளைத் தொடவில்லை, ஆட்கள் தூக்கத்தை விட்டார்கள். இரண்டும் ஒரே நோய்தான் என்பது என் எண்ணம்.

#7 லாரிக்காரர் மகள் (நாமக்கல்), 6 ஆகஸ்ட் 2024

அண்ணாக்களுக்கும் மாமாக்களுக்கும் வணக்கம். அப்பா 26 வருஷம் லாரி ஓட்டினார். நான் சட்டம் படிக்கிறேன். நம் நாட்டில் ஓட்டும் நேரத்துக்குச் சட்டமே இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இருக்கிறது, 1961-லிருந்து.

மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் என்று பெயர். இன்றைக்கு, 2024-இல், நடப்பில் இருப்பது அதுதான். நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம். தொலைதூரப் பாதைக்கு முன் அனுமதி வாங்கினால் 10 மணி நேரமும் 54 மணி நேரமும். தொடர்ந்து 5 மணி நேரம் வேலை செய்தால் அரை மணி நேரம் ஓய்வு தர வேண்டும். ஒரு நாள் வேலைக்கும் அடுத்த நாள் வேலைக்கும் நடுவில் 9 மணி நேரம் இடைவெளி வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-ஆம் பிரிவும் இதையே சுட்டுகிறது. ஐந்து தொழிலாளர் அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு இது பொருந்தும். ஒன்றிரண்டு வண்டி வைத்திருக்கும் வீட்டு ஓனர்கள் இதற்குள் வருவதில்லை, நம் பக்கத்தில் அவர்கள்தான் நிறைய.

அதனால் பன்னிரண்டு சக்கரம் மாமாவின் கம்பெனி ஆப்பில் வைத்திருக்கும் 10 மணி நேரம் தானாக வந்த எண் இல்லை. சட்டத்தைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். விதி தெரிந்தவர்கள் எழுதிய ஆப், விதி தெரியாதவர்கள் எழுதிய பயண நாள். இரண்டும் ஒரே கட்டடத்தில் இரண்டு மேஜையில் நடக்கின்றன.

இன்னொன்றையும் கவனியுங்கள். சரக்கோடு போகும் இ-வே பில் என்ற ஜிஎஸ்டி ஆவணத்துக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று செல்லுபடிக் காலம் தருகிறார்கள். 2021 ஜனவரிக்கு முன் அது 100 கிலோமீட்டருக்கு ஒரு நாள். உங்கள் 2,200 கிலோமீட்டருக்கு அரசாங்கம் தருவது 11 நாள், பார்ட்டி தருவது 4 நாள். யாராவது 'சட்டப்படி சீக்கிரம் போய்ச் சேர வேண்டும்' என்று உங்களிடம் சொன்னால் நம்ப வேண்டாம். அவசரம் முழுக்க வியாபார அவசரம்.

தேசிய பெர்மிட் வண்டியில் இரண்டு டிரைவர் இருக்க வேண்டும் என்ற விதியும் 2018 வரை இருந்தது. அந்த வருஷம்தான் எடுத்துவிட்டார்கள். நடைமுறையில் அதற்கு முன்பே பல வண்டிகளில் இரண்டாவது ஆள் கிளீனராக மாறியிருந்தார், பிறகு கிளீனரும் போய்விட்டார். அப்பாவுடன் கடைசி ஐந்து வருஷம் யாருமே போகவில்லை. அம்மா ராத்திரி போன் போட்டுப் பேசிக்கொண்டே இருப்பார், அவர் தூங்கிவிடக் கூடாதே என்று. ஆதோனி, கர்நூல் என்று ஊர்ப் பெயர்கள் எனக்கு அப்படித்தான் மனப்பாடம் ஆயின.

2021 செப்டம்பரில் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி, விமானிகளைப் போல லாரி ஓட்டுநர்களுக்கும் ஓட்டும் நேரம் நிர்ணயிக்க வேண்டும் என்று பேசினார். நிர்ணயம் ஏட்டில் அறுபது வருஷமாக இருக்கிறது. எழுதி வைக்கும் கருவியும் கேட்கும் அதிகாரியும்தான் இல்லை.

#8 ஆறு வண்டி, 6 ஆகஸ்ட் 2024

அம்மா கண்ணு, நன்றாக எழுதியிருக்கிறாய். இந்த 11 நாள் கணக்கை நான் யோசித்ததே இல்லை. பார்ட்டியிடம் பேசும்போது சொல்லிப் பார்க்கிறேன், கேட்பார்களா என்று தெரியாது.

கனடாத் தம்பி, காத்திருப்புக் கூலி எங்களுக்கும் ஒப்பந்தத்தில் உண்டு. ஹால்டிங் என்று எழுதியிருப்பார்கள். முதல் 24 மணி நேரம் இலவசம், அதற்குப் பிறகு நாளைக்கு இவ்வளவு என்று இருக்கும். ஆனால் வண்டி எத்தனை மணிக்கு கேட்டுக்கு வந்தது என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். கேட்டில் எழுதும் நேரம், வண்டி உள்ளே நுழைந்த நேரம். வெளியே நின்றது எந்தக் காகிதத்திலும் வராது. நான் மூன்று தடவை கேட்டுப் பார்த்து விட்டுவிட்டேன்.

#9 ராத்திரி ஷிப்ட் (சேலம்), 7 ஆகஸ்ட் 2024

இரண்டு நாளாக எழுதலாமா வேண்டாமா என்று யோசித்து எழுதுகிறேன். நான் டிரைவர் இல்லை. ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீசில் வண்டி கண்காணிக்கும் வேலையில் நான்கு வருஷம் இருந்தேன். ராத்திரி 10 முதல் காலை 6 வரை. முன்னால் பெரிய திரை, அதில் இந்தியா முழுக்கச் சின்னச் சின்ன லாரிகள். ஓடினால் பச்சை, நின்றால் மஞ்சள், வேகம் கூடினால் சிவப்பு.

எனக்குக் கொடுத்த உத்தரவு இதுதான்: 30 நிமிஷத்துக்கு மேல் மஞ்சளாக இருக்கும் வண்டிக்குப் போன் போடு. ஏன் நிற்கிறது, எப்போது எடுப்பான் என்று கேட்டு எழுது. சிவப்பு வண்டிக்கு விடிந்த பிறகு பிடித்தம் போட்டால் போதும். மஞ்சள் வண்டிக்கு உடனே போன் போட வேண்டும். அதாவது வேகமாகப் போகிறவனை யாரும் எழுப்பவில்லை, தூங்குகிறவனை எழுப்பினோம்.

ஒரு ராத்திரி, ஆதிலாபாத் தாண்டி ஒரு தாபாவில் ஒரு வண்டி நின்றது. டிரைவர் ஐம்பது வயதுக்காரர், என்னை 'கண்ணு' என்றுதான் கூப்பிடுவார். ஒரு மணிக்கு எழுப்பினேன். 'அரை மணி நேரம் கண்ணு' என்றார். இரண்டு மணிக்கு மறுபடி போட்டேன். இரண்டே முக்காலுக்கு மூன்றாவது தடவை. 'சரி கண்ணு, எடுத்துட்டேன்' என்றார். திரையில் பச்சை வந்தது. நான் நோட்டில் '2.50, கிளம்பிவிட்டது' என்று எழுதினேன்.

விடியற்காலை ஹிங்கன்காட் தாண்டி டிவைடரில் ஏறி வண்டி சாய்ந்துவிட்டது. கால் இரண்டு இடத்தில் உடைந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. வேகம் எவ்வளவு என்று பார்த்தார்கள், 54. கம்பெனி விதிக்குள்தான் இருந்தது. ஆப்பில் ஓய்வு நேரமும் சரியாக இருந்தது. அறிக்கையில் 'ஓட்டுநர் கவனக்குறைவு' என்று எழுதினார்கள். நான் போன் போட்ட மூன்று நேரமும் என் நோட்டில் மட்டும்தான் இருந்தன. அந்த நோட்டை யாரும் கேட்கவில்லை, நானும் எடுத்துக் கொடுக்கவில்லை. அதை இன்று வரை நினைத்து வருந்துகிறேன்.

பிறகு அவரைச் சேலத்தில் ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்துச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. 'உன் வேலையை நீ பாத்த' என்றார். அடுத்த மாதம் அந்த வேலையை விட்டேன்.

#10 வடக்கு நெடுஞ்சாலை, 7 ஆகஸ்ட் 2024

தம்பி, நீங்கள் இதை எழுதியது பெரிய காரியம். அமெரிக்க விதியில் இதற்கென்றே ஒரு பிரிவு சேர்த்தார்கள். பதிவேட்டுக் கருவியை வைத்துக்கொண்டு, களைத்துப்போன சாரதியை ஓட்டச் சொல்லிக் கொம்பனி தொல்லை கொடுக்கக் கூடாது. சாரதி படுக்கையில் இருக்கிறார் என்று பதிவாகியிருந்தால் கருவியின் சத்தம் அடங்க வேண்டும், அல்லது அதை அவர் அடக்க வழி இருக்க வேண்டும். அந்த விதி எழுதப்பட்டதற்குக் காரணம், கருவியை வைத்துக் கொம்பனிகள் தொல்லை கொடுக்கும் என்று அங்கே சாரதிகள் முறையிட்டதுதான்.

#11 டாப் கியர், 7 ஆகஸ்ட் 2024

ராத்திரி ஷிப்ட் அண்ணா எழுதியதைப் படித்துவிட்டு வெகுநேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. எனக்கும் அப்படி போன் வரும். எழுந்து முகம் கழுவி எடுத்துவிடுவேன். வயது இருக்கிறது, தாங்குகிறது என்று நினைத்தேன். அந்தப் பெரியவர் 54-இல்தானே போயிருக்கிறார்.

80 வேண்டும் என்பதில் நான் இன்னும் மாறவில்லை. ஆனால் போன மூன்று டிரிப்பில் கேட்டில் எத்தனை மணி நேரம் நின்றேன் என்று டோல் மெசேஜையும் கேட் பாஸையும் வைத்து எழுதிப் பார்த்தேன். மூன்றுக்கும் சேர்த்து 61 மணி நேரம். எனக்கே நம்ப முடியவில்லை.

#12 லாரிக்காரர் மகள், 8 ஆகஸ்ட் 2024

டாப் கியர் அண்ணா, அந்த ஃபாஸ்டேக் மெசேஜ்களை அழிக்காதீர்கள். ஒவ்வொரு டோலிலும் தேதி, நேரம் விழுகிறது. கம்பெனி கையில் இல்லாத, யாரும் மாற்றி எழுத முடியாத பதிவு அது. கடைசி டோலின் நேரத்துக்கும் கேட் பாஸின் நேரத்துக்கும் உள்ள இடைவெளி, ஓனர் மாமா தேடும் ஆதாரத்துக்கு ஏறக்குறைய சமம். அதோடு கேட்டுக்கு வந்ததும் எண் பலகையும் கேட்டும் ஒன்றாகத் தெரிய, இடமும் நேரமும் பதிவாகும்படி ஒரு போட்டோ எடுத்து ஆபீசுக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள்.

காசு கொடுக்கும் முறை பற்றிக் கனடா அண்ணா சொன்னார். ஐரோப்பிய ஒன்றியத்தின் 561/2006 விதியில் நாலரை மணி நேர ஓட்டத்துக்கு 45 நிமிஷ ஓய்வு, நாளைக்கு 9 மணி நேர ஓட்டம் என்பதோடு இன்னொன்றும் இருக்கிறது. எவ்வளவு தூரம் ஓட்டினார், எவ்வளவு சீக்கிரம் சேர்த்தார் என்பதைப் பார்த்துக் கொடுக்கும் ஊதியமோ ஊக்கத்தொகையோ சாலைப் பாதுகாப்பைக் கெடுக்கும் விதமாக இருந்தால் அதைக் கொடுக்கவே கூடாது. நம் சட்டத்தில் இப்படி ஒரு வரி வந்தால் தாமதப் பிடித்தம் என்பதையே கேள்வி கேட்கலாம்.

#13 டேங்கர் தம்பி, 8 ஆகஸ்ட் 2024

ஓய்வு பற்றி ஒரு வார்த்தை. ஆப்பில் ஓய்வு என்று உண்மையாகவே அழுத்தினாலும் தூங்க இடம் வேண்டுமே. பெட்ரோல் பங்கில் டீசல் போட்டால்தான் நிற்க விடுகிறார்கள். ரோட்டோரம் போட்டால் டீசல் திருட்டு, பேட்டரி திருட்டு. பாதிக் கண்ணால்தான் தூங்குகிறோம். 2025 அக்டோபர் 1-லிருந்து தயாராகும் லாரிகளில் ஏசி கேபின் கட்டாயம் என்று அறிவித்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் இப்போது ஓடும் வண்டிகள் இன்னும் பத்து பதினைந்து வருஷம் ஓடும்.

#14 பன்னிரண்டு சக்கரம், 19 ஆகஸ்ட் 2024

ஒரு டிரிப் போய் வந்துவிட்டேன், அதனால்தான் தாமதம்.

கிளம்புவதற்கு முன்னால் நாங்கள் ஏழு டிரைவர்கள் சேர்ந்து கம்பெனி மேனேஜரைப் பார்த்தோம். சண்டைக்குப் போகவில்லை. 60-ஐ எடுங்கள் என்று கேட்கவும் இல்லை. இந்த இழையில் பேசியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனோம். 49 மணி நேரக் கணக்கு, 11 நாள் கணக்கு, கேட்டில் நின்ற நேரம். டாப் கியர் தம்பியின் 61 மணி நேரத்தையும் பெயர் சொல்லாமல் சேர்த்துக்கொண்டேன்.

மேனேஜர் முதலில் பார்ட்டியைக் கைகாட்டினார். பிறகு ஆப்பையும் ஜிபிஎஸ்ஸையும் ஒரே நாளுக்கு எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொன்னோம். என் வண்டியையே எடுக்கச் சொன்னேன். ஜூலை 23, ராத்திரி 11 முதல் 3 வரை ஆப்பில் ஓய்வு. ஜிபிஎஸ்ஸில் வண்டி சாகரிலிருந்து ஜான்சி பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. விபத்து ஏதாவது நடந்து இன்சூரன்ஸ்காரர் இதைக் கேட்டால் கம்பெனியும் மாட்டும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

கிடைத்ததைச் சொல்கிறேன். ஆப்பில் ஓட்டம், ஓய்வு இரண்டோடு 'காத்திருப்பு' என்று மூன்றாவது பொத்தான் வரும். அதுவரை டிரிப் ஷீட்டில் பேனாவால் எழுத ஒரு கட்டம் அடித்துக் கொடுத்துவிட்டார்கள்: கேட்டுக்கு வந்த நேரம், உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம். காத்திருப்பு 6 மணி நேரத்தைத் தாண்டினால் அடுத்த லோடுக்கு முன் 8 மணி நேரம் வண்டியை எடுக்கச் சொல்லக் கூடாது. ராத்திரி நிற்கும் வண்டிக்கு 11 முதல் 5 வரை போன் கிடையாது, வண்டி பாதை மாறினால் மட்டும் போடலாம். தாண்டும்போது பஸ்ஸர் 40 விநாடி பொறுக்கும்.

கிடைக்காதது: 4 நாள். அது ஐந்தாக ஆகவில்லை. கேட்டில் ஆன தாமதத்துக்கு எங்களிடம் பிடிக்க மாட்டோம் என்று மட்டும் சொன்னார்கள், அதுவும் வாயால்தான். எழுத்தில் கேட்டிருக்கிறோம். ரோட்டில் ஆன தாமதத்துக்குப் பிடித்தம் அப்படியே இருக்கிறது. இந்த டிரிப்பில் நான் நாலே முக்கால் நாள் எடுத்துக்கொண்டேன். ஆப்பில் ஒரு பொய்கூட அழுத்தவில்லை. படியில் 2,000 குறையும். வீட்டில் சொல்லிவிட்டுத்தான் செய்தேன்.

#15 ஆறு வண்டி, 19 ஆகஸ்ட் 2024

தம்பி, அந்த டிரிப் ஷீட்டை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். கம்பெனிப் பெயரை மறைத்துவிடுங்கள். நம் ஊர் பிரஸ்ஸில் கொடுத்து என் ஆறு வண்டிக்கும் அதே மாதிரி அடித்துக்கொள்கிறேன். கேட் நேரத்துக்குப் பக்கத்தில் செக்யூரிட்டி கையெழுத்துக்கும் ஒரு கட்டம் விடலாமா? போடுவார்களா என்று அடுத்த டிரிப்பில் கேட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

#16 பன்னிரண்டு சக்கரம், 19 ஆகஸ்ட் 2024

சரிங்க, போடுகிறேன். கையெழுத்து இந்தத் தடவையே கேட்டேன், குருகிராமில் போட மாட்டேன் என்றுவிட்டார். ஓசூரில் போட்டார்.